பிரதீபாவை வீட்டில் கொண்டுபோய் விட்டவள்

திருவிடந்தை பஸ் ஸ்டாப்பில் வேலைக்குப் போகிற கூட்டம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, ரேணுகா வீசிய செருப்பு ஜாய்ஸின் தோளில் பட்டுக் கீழே விழுந்தது.

"எம் பொண்ணுக்கு இன்னாடி மருந்து வெச்ச? கக்கூஸ் கழுவுறவளுக்கு எங்க வூட்டுப் பொண்ணு கேக்குதா?"

தடுக்க யாரும் வரவில்லை. இரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள்.

ஜாய்ஸுக்கு நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அவள் மாமியார் வரைக்கும் ரேணுகா வீட்டு நிலத்தில் நாற்று நட்டவர்கள்தான். இன்று அந்த நிலம் பிளாட்டாகிவிட்டது. ரேணுகாவின் புருஷன் வெங்கடேசன் டிப்பர் லாரி ஓட்டுகிறார். ஆனாலும் காலனி காலனியாகவும் ஊர் ஊராகவும்தான் இருந்தன.

யேசுவைப் பற்றிப் பேசாமல் ஜாய்ஸால் இருக்க முடியாது. அதனால் பட்டது கொஞ்சமில்லை. ஜெபக்கூட்டம் வைத்தாள் என்று ஒருமுறை வாடகை வீட்டிலிருந்து சாமான்களைத் தெருவில் தூக்கிப் போட்டார்கள். கம்பெனியில் சூப்பர்வைசர் உலகநாதன் கூப்பிட்டு எச்சரித்தார். அதிலிருந்து அவளாகப் போய் யாரிடமும் பேச்செடுப்பதில்லை. பேசு என்று ஆண்டவர் உள்ளே ஏவினால் மட்டும் பேசுவாள்.

ரேணுகாவின் மகள் பிரதீபாவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. மேலதிகாரி எல்லார் முன்னாலும் கத்திவிட்ட ஒருநாள், அந்தப் பெண் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். வெளியே மாப்பைப் பிடித்தபடி ஜாய்ஸ் அவளுக்காக ஜெபம் பண்ணினாள். கதவைத் திறந்த பிரதீபா, "அக்கா, யார்கிட்ட பேசினிங்க?" என்று கேட்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது. கம்பெனி வேனில் கேள்விமேல் கேள்வி கேட்பாள். ஜாய்ஸ் தெரிந்ததைச் சொல்வாள். கடைசியில் பிரதீபா தன் வீட்டிலேயே சொல்லிவிட்டாள், நான் யேசுவை நம்புகிறேன் என்று. வெங்கடேசன் அடித்தார். ரேணுகா பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து வேன் ஜாய்ஸுக்கு நிற்கவில்லை. டிரைவர் வெங்கடேசனுக்குச் சொந்தக்காரன். அவள் கேளம்பாக்கம் போய் பஸ் மாறிப் போனாள். வீட்டில் புருஷன் சின்னையன் குதித்தான்.

"வாய மூடிகினு இருக்க மாட்டியா நீ? நாளைக்கு எவனாவது வந்து வூட்டக் கொளுத்தினா உன் சாமியா வந்து அணைக்கும்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போது பிரதீபா ஒரு பையோடு சபைக்குள் வந்து நின்றாள். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வந்திருந்தாள். போதகர் ஆபிரகாமுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செங்கல்பட்டில் தெரிந்த ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம், இந்த வாரமே ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்றார். சபையே அல்லேலூயா சொன்னது.

ஜாய்ஸுக்கு மட்டும் வாய் வரவில்லை. அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போ என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. வேண்டாம் ஆண்டவரே, அந்த வாசலுக்கு என்னை அனுப்பாதேயும் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். அது அடங்கவில்லை. எழுந்தாள்.

"பாஸ்டர், பொண்ண வூட்ல கொண்டுபோய் வுட்டுர்றேன்."

"சிஸ்டர், வந்த ஆத்துமாவத் திருப்பி அனுப்புறீங்களா? மனுஷருக்குப் பயந்தா?"

"பயம் நெறைய கீது பாஸ்டர். ஆனா இவ அம்மா தேடிகினு இருப்பாங்க."

பிரதீபாவின் முகம் சிவந்துவிட்டது. "அக்கா, நீங்களுமா?"

"யேசப்பாவ வுட்டுட்டு வான்னு நான் சொல்லல பாப்பா. பெத்தவங்ககிட்ட சொல்லாம ஓடியாராத. சொல்லிட்டு வா. அவங்க மூஞ்சியப் பாத்து சொல்லு."

உச்சிவெயிலில் இருவரும் ஊருக்குள் நடந்தார்கள். பிரதீபா பத்தடி தள்ளியே வந்தாள். கேட்டருகே வெங்கடேசனும் ரேணுகாவும் நின்றிருந்தார்கள். ரேணுகா அழுது அழுது கண் வீங்கியிருந்தாள்.

"அண்ணாத்த, உங்க பொண்ணு. கூட்டியாந்துட்டேன்" என்றாள் ஜாய்ஸ். "இவ மனசுல கீறத நான் எடுக்க முடியாது. நீங்க அடிச்சும் எடுக்க முடியாது. தயவுசெஞ்சு கை மட்டும் வெக்காதீங்க."

"நீ எனக்குப் புத்தி சொல்றியா? போடி மொதல்ல!" என்றார் வெங்கடேசன். ஜாய்ஸ் நான்கடி நகர்வதற்குள் ரேணுகா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் கை வைத்திருந்த கேட்டில் ஊற்றிக் கழுவினாள்.

வெங்கடேசன் புகார் கொடுத்ததில் ஜாய்ஸின் கம்பெனி வேலை போயிற்று. சபையில் பெண்கள் கூட்டத்தை நடத்துகிற பொறுப்பை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்; விசுவாசத்தில் தளர்ந்துவிட்டவள் என்று காதுபடவே பேசினார்கள். பிரதீபா போனை எடுக்கவே இல்லை. நான் கேட்டது உம்முடைய குரல்தானா, இல்லை என் கோழைத்தனமா என்று ஜாய்ஸ் பல நாள் ஜெபத்தில் கேட்டாள். பதில் வரவில்லை. கோவளத்தில் ஒரு லாட்ஜில் அறை பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கூட வேலை செய்த பூங்கொடி முழங்கால் வலி என்று உட்கார்ந்தபோது, ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டாள். "ஒண்ணும் வேணாம், உன் வேலையப் பாரு" என்றாள் பூங்கொடி.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் கோவளம் மீன் கடையில் பிரதீபாவைப் பார்த்தாள். பக்கத்தில் ரேணுகா.

பிரதீபா நின்றாள். அம்மா முன்னாலேயே, கடைக்காரிக்கும் கேட்கும்படி, "ஸ்தோத்திரம் அக்கா" என்றாள்.

ரேணுகா ஜாய்ஸை எரித்துவிடுவதுபோல் பார்த்துக் காறித் துப்பினாள். "வாயப் பொத்திகினு வாடி" என்று மகளை இழுத்துக்கொண்டு போனாள். இழுத்த கையை, கூட்டத்தைத் தாண்டி ரோட்டுக்கு ஏறும்வரை அவள் விடவே இல்லை.

ஜாய்ஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கால் கிலோ நெத்திலி கேட்டாள்.