வேனுக்குக் கூரை போட்ட நாள்

என் வீட்டுக்காரரை அவருடைய அண்ணன் அடித்ததை நான் முதன்முதலில் பார்த்தது கல்யாணம் ஆன புதிதில். வயலுக்கு ஓடிய மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டாராம். இவர் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். அவன் பின்னாலிருந்து வந்து பிடரியில் ஒரு அறை விட்டான். தட்டு எகிறி என் புடவையெல்லாம் ரசம். இவர் எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, மிச்சமிருந்த சோற்றைச் சாப்பிட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டுகிறவர் என்று சொல்லித்தான் எனக்குக் கட்டி வைத்தார்கள். அடி வாங்குகிறவர் என்று யாரும் சொல்லவில்லை.

அவன் இவன் என்று எழுதுகிறாளே, புருஷனுக்கு மூத்தவனாயிற்றே என்று உங்களுக்குத் தோன்றலாம். நேரில் மாமா என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போதும் மரியாதை கொடுக்க மனசு வரவில்லை. விடுங்கள்.

இவருடைய அப்பா செத்துப்போனபோது இவர் கைக்குழந்தை. அண்ணன்தான் படிப்பை விட்டு ஏர் பிடித்து, நெல் விளைவித்து இவரை ஆளாக்கினான். அது நிஜம், நான் இல்லை என்று சொல்லவில்லை. வளர்த்த கை அடித்தால் என்ன என்று ஊரே பேசும். ஊரைவிட அதிகமாக அதை நம்பியவர் இவர்தான். கன்னம் வீங்கிப்போய் வேலைக்குப் போவார். கேட்டால், "எங்கண்ணன்தானேமே," என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர் வாங்குகிற ஒவ்வொரு அடிக்கும் என் பல் கடித்துக் கடித்தே தேய்ந்துபோயிருக்கும்.

தனிக்குடித்தனம் போகாமல் இல்லை. கும்மிடிப்பூண்டியில் ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடு பிடித்தோம். பால் காய்ச்சிய ஈரம் காயவில்லை, அவன் புல்லட்டில் வந்து இறங்கினான். அரிசி டப்பாவைத் தூக்கித் தெருவில் வீசினான். ஜன்னல் கண்ணாடியை உடைத்தான். இவரைச் சட்டைக் காலரைப் பிடித்து, "சொந்த ஊடு இருக்க சொல்லோ வாடக ஊடு கேக்குதாடா ஒனக்கு?" என்று இழுத்துக்கொண்டு போனான். இவரும் போனார். வீட்டுச் சொந்தக்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் காலி பண்ணச் சொன்னார்.

அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த ஆளின் கை எட்டாத இடத்துக்கு என் புருஷன் வந்தாக வேண்டும். என்றைக்காவது ஒரு நாள் அடி படக்கூடாத இடத்தில் பட்டு, இவர் எழுந்திருக்காமலே போய்விடுவார் என்று எனக்குப் பயம். வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை.

வேன் யோசனை என்னுடையது. இவருக்கு ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை வந்தது. கம்பெனிகளில் மிஷினை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் சமயத்தில் கிரேன் வேலை. கொஞ்ச நாள் மீஞ்சூர் பக்கம், கொஞ்ச நாள் தடா தாண்டி ஆந்திராவில் என்று ஊர் ஊராகச் சுற்றுகிற பிழைப்பு. பழைய ஸ்கூல் வேன் ஒன்று கிடைத்தது. சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டோம். அடுப்பு, பாத்திர அலமாரி எல்லாம் வந்துவிட்டது. கரண்டு மட்டும் இல்லை. இந்த வெயிலில் ஃபேன் இல்லாமல் தகர டப்பாவுக்குள் படுத்தால் வெந்துபோவோம். மேலே சோலார் பேனல் போட்டால் ஃபேனும் ஓடும், சின்ன ஃபிரிட்ஜும் ஓடும். பேனல் உட்காரக் கூரைமேல் இரும்புக் கேரியர் வேண்டும். கடையில் விற்கிற எந்தக் கேரியரும் அந்த வேனுக்குப் பொருந்தவில்லை.

சிப்காட்டுக்குப் பின்னால், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேனை விட்டோம். பட்டறைக்காரர் ஆந்திரா பக்கத்து மனிதர், எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். லீவு நாளில் இவரும் கூட நின்று வேலை பார்த்தார். வேனின் கூரை வெறும் தகரம், அதன்மேல் பாரம் வைத்தால் குழிந்துவிடும். அதனால் கேரியரின் கால்களைக் கூரையில் வைக்காமல், ஜன்னல்களுக்கு நடுவே நிற்கும் இரும்புத் தூண்களோடு சேர்த்துப் போல்ட் போட்டார்கள். பேனலுக்கும் தகரத்துக்கும் நடுவில் காற்றுப் போக ஒரு சாண் இடைவெளி. இரண்டு பேனலுக்கும் இடையில் ஆள் நின்று துடைக்கக் கால் வைக்கும் பலகை. முன்பக்கம் காற்று முட்டித் தூக்காமல் இருக்கச் சரிவாக ஒரு தகடு. மில்லில் டன் கணக்கில் இரும்பு தூக்கிப் பழகிய மனிதர், கேரியர் கட்டும் இரும்புக் குழாய் எவ்வளவு கனமாக இருந்தாலும் போதாது என்றார்.

"யானையா நைனா ஏத்தப் போற?" என்று பட்டறைக்காரர் சிரித்தார்.

இவர் சிரிக்கவில்லை. வீட்டில் அடி வாங்குகிற மனிதர் பட்டறையில் அடித்தார். கோணலான குழாயைக் கல்லில் வைத்துச் சம்மட்டியால் போட்டுப் போட்டு நிமிர்த்துவார். ஒரு தரம் அறுக்கும் மிஷினின் சக்கரம் வெடித்துத் துண்டு ஒன்று காதோரம் பறந்து சுவரில் குத்தி நின்றது. இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேறு சக்கரம் மாட்டினார். பொறி பறக்கும், கை சுட்டுப்போகும், துடைத்துக்கொண்டு மறுபடி அடிப்பார். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இந்தக் கையில் இவ்வளவு பலம் இருக்கிறதே, அங்கே மட்டும் ஏன் தொங்கிப்போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றிருப்பேன்.

பேனலை ஏற்றுவதற்கு முந்தின நாள் இவர் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"கூர போடறோம். அண்ணன் கை படாம எப்பிடிமே?"

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குத் தளம் போடும் அன்றைக்கு முதல் சட்டி ஜல்லியைக் குடும்பத்தில் மூத்த ஆண்தான் கொட்ட வேண்டும். வெட்டுப்பழி குத்துப்பழியாக இருந்தாலும் அன்றைக்குப் போய்க் கூப்பிடுவார்கள், அவனும் வருவான். அவன் கை படாத கூரை தங்காது என்பார்கள்.

"யோவ், இது கூரையாய்யா? வண்டி மேல வைக்கிற கேரியர்யா!"

"கீழ நாமதான படுக்கப் போறோம்? மேல இருக்கறது கூரதான்."

"அவன் காதுல இது விழுந்துது, உன்ன வெட்டிப் போட்ருவேன் ஆமா."

சரி என்று தலையாட்டினார். நான் நம்பினேன்.

மறுநாள் மத்தியானம் பேனல் இரண்டையும் ஏற்றிப் போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தபோது பட்டறை வாசலில் புல்லட் சத்தம். வெள்ளை வேட்டி சட்டை, நெற்றியில் விபூதி, கையில் மாவிலைத் தோரணம், தேங்காய், கற்பூரம், பெரிய பூசணிக்காய். தம்பி கூப்பிட்ட சந்தோஷத்தில் அவன் முகம் பூரித்திருந்தது. அதையும் சொல்ல வேண்டும். இவரைப் பார்த்தேன். இவர் ஸ்பானரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் பூசணிக்காயை வேனுக்குள் வைத்தான். ஏணியில் மூச்சு வாங்க ஏறினான். நல்ல தொப்பை. பேனல்களுக்கு நடுவே பலகையில் நின்று தோரணம் கட்டினான், கற்பூரம் காட்டினான். கடைசிப் போல்ட்டை அண்ணன்தான் முறுக்க வேண்டும் என்று இவர் ஸ்பானரை மேலே நீட்டினார். முறுக்கினான். முறுக்கிக்கொண்டே கேட்டான்.

"டூருக்கு உடப் போறியாடா?"

"இல்லண்ணா. நாங்க இதுல இருக்கப் போறோம். ஷட்டவுன் வேலைக்குப் போவ சொல்லோ ஊரு ஊரா எட்த்துகினு போயிடுவோம்."

அந்த மனிதருக்குப் பொய்யே வராது. தலையெழுத்து.

மேலே ஸ்பானர் முறுக்குவது நின்றது. பிறகு செருப்புக் காலால் பேனலில் ஓங்கி ஒரு உதை. கண்ணாடி சிலந்திவலை மாதிரி விரிந்தது.

"என்னக் கூப்ட்டு, என் கையாலியே கூரய போட்டுகினு, என்ன உட்டுட்டு ஓடுறியா? நாயே!" ஸ்பானரால் அதே பேனலில் அடித்தான். அடுத்த அடி, அடுத்த அடி. கண்ணாடித் துகள் எங்கள் தலையில் கொட்டியது. இவர், "அண்ணா, அண்ணா," என்று கீழே நின்று கெஞ்சினார். அவன் ஸ்பானரையே இவர்மேல் வீசினான். புருவம் கிழிந்தது. ரத்தம் கண்ணை மூடிக்கொண்டு வழிந்தது.

"இருடா, கீழ வந்து உன்னக் கொன்னுட்டுதான் மறுவேல," என்று அவன் ஏணிப் பக்கம் காலை நீட்டினான்.

நான் ஏணியை ஓங்கி உதைத்தேன். தடால் என்று விழுந்தது. என் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்ததுகூட அப்புறம்தான் தெரியும்.

"எறங்கு பாக்கலாம்! எறங்கி அடி பாக்கலாம் இப்போ!" என்று கத்தினேன். மாமா என்று சொல்லவில்லை. அவன் என் அம்மா, பாட்டி எல்லோரையும் இழுத்துத் திட்டினான். நானும் சளைக்கவில்லை. எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. பட்டறைக்காரர், "ஐயோ நைனா, வேணாம் நைனா," என்று கையைப் பிசைந்தார்.

அப்போது வேன் உறுமியது. எப்போது போய் உட்கார்ந்தார் என்று தெரியாது, இவர் டிரைவர் சீட்டில் இருந்தார். ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. வேன் நகர்ந்தது. நான் ஓடிப்போய்ப் பக்கக் கதவில் தொற்றி ஏறினேன்.

"யோவ், அவன் மேல கீறான்யா!"

இவர் சிப்காட் ரோட்டில் வேகம் எடுத்தார். கல்கத்தா ஹைவேயில் ஏறியதும் இன்னும் மிதித்தார். மேலே தகரத்தில் தட் தட் என்று உதை. பிறகு திட்டு. பிறகு திட்டுக் காற்றில் கிழிந்துபோய் வெறும் அலறல். மாவிலை பிய்ந்து கண்ணாடியில் அடித்துப் பறந்தது. ஒரு செருப்பு ஜன்னல் பக்கமாக விழுந்து, பின்னால் வந்த லாரிக்கடியில் போனது. உள்ளே பூசணிக்காய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டு பாத்திரங்களை இடித்துத் தள்ளியது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கையைக் காட்டினார்கள். விழட்டும், சாகட்டும் என்று எனக்கு இருந்தது. நிறுத்து என்றும் இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கத்தினேன் என்று நினைக்கிறேன். இவர் அழுதுகொண்டே ஓட்டினார். அப்படி ஒரு அழுகையை ஆம்பிளையிடம் நான் பார்த்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டு, மாடு மாதிரி அழுதார்.

எளாவூர் செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. வேறு வழியில்லாமல் வேன் நின்றது.

இறங்கிப் பார்த்தேன். அவன் உடைந்த பேனலின்மேல் குப்புறப் படுத்து, குழாயை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தான். வேட்டி இல்லை. உள்ளங்கை, முட்டியெல்லாம் கண்ணாடி கீறி ரத்தம். ஆனால் கேரியர் ஒரு இம்மி அசையவில்லை. இவர் போட்ட போல்ட் அப்படி.

ஏணி பட்டறையில் கிடந்தது. இவர் வேன் பக்கத்தில் போய் முதுகைக் காட்டி நின்று, தோளைத் தட்டினார். "கால வைண்ணா." அவன் நடுங்கிக்கொண்டே காலைத் தொங்கவிட்டு, தம்பியின் தோளில் மிதித்து, தலைமுடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். தரையில் கால் பட்டது. கொஞ்சம் மூச்சு வாங்கினான். உடனே கையை ஓங்கி இவர் கன்னத்தில் ஒன்று கொடுத்தான். லாரி கிளீனர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் பாய்ந்தேன். இவர் என்னை ஒரு கையால் தடுத்தார். கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

"அடிச்சிட்டியா? சரி. இனிமே அடிக்கணும்னா நீதான்ணா என்னத் தேடிகினு வரணும். நான் கெடைக்கிற எடத்துல இருக்க மாட்டேன்."

தன் லுங்கி ஒன்றை எடுத்து அண்ணன் இடுப்பில் கட்டிவிட்டார். தண்ணீர் பாட்டிலையும் பஸ்ஸுக்குச் சில்லறையும் கையில் திணித்தார். அப்புறம் வேனில் ஏறி, என்னைப் பார்த்து, "ஏறுமே," என்றார். வரிசை நகர்ந்தது. நாங்கள் ஆந்திராவுக்குள் போய்விட்டோம். இவரைக் கூட்டி வந்துவிட்டேன் என்று நான் சத்தம் போட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இன்றைக்கு வரைக்கும் அந்த வேன்தான் வீடு. ஒரு பேனல் நன்றாக ஓடுகிறது. உடைந்ததும் கொஞ்சம் கரண்டு கொடுக்கத்தான் செய்கிறது, மாற்றலாம் என்றால் இவர் விடுவதில்லை. உடம்பு தேறியிருக்கிறார். முகத்தில் வீக்கம் இல்லை. யாராவது பின்னால் வேகமாக நடந்து வந்தால் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறார்.

ஒரு விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. ஒவ்வொரு புது இடத்துக்குப் போய் வேனை நிறுத்தியதும், முகம்கூடக் கழுவாமல், இவர் போனை எடுத்து அண்ணனுக்கு வாட்ஸப்பில் லொகேஷன் அனுப்புகிறார். எதற்குய்யா என்று கேட்டால், "தேடிகினு வான்னு சொல்லிட்டேன்ல. அட்ரஸ் தெரியாம அண்ணன் எப்பிடி வரும்?" என்கிறார். அவன் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு வரும். வெளியே வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். அவன் ஒரு தரமும் வரவில்லை.