டீச்சரம்மா வீடு எது?

மயிலாப்பூரில் ஒரு சந்தில் குடியிருந்த ஹம்சா, பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் காலையில் தேவானை கீரைக்கூடையோடு அவள் வாசலில் வந்து உட்காருவாள். வாங்குவது ஒரு கட்டுதான். பேச்சு, பள்ளிக்கு நேரமாகும்வரை ஓடும்.

தொண்ணூற்றாறில் ஒரு நாள், பால் வாங்க வாசலில் நின்ற ஹம்சாவின் சங்கிலியை பைக்கில் வந்த ஒருவன் அறுத்துக்கொண்டு போனான். எதிரே வந்த தேவானை கூடையை அவன்மேல் வீசினாள். பைக் தடுமாறி, அவளை இடித்துத் தள்ளிவிட்டுப் பறந்தது. ஹம்சா அவளைப் படியில் உட்காரவைத்து முழங்காலுக்குக் கட்டுப்போட்டாள்.

"செயினு போனா போவுது டீச்சரம்மா. கழுத்து கீதே," என்றாள் தேவானை. இருவரும் அழுதார்கள். பிறகு ஏனோ சிரித்தார்கள்.

ஹம்சாவின் கணவர் பரத்வாஜுக்கு வேலை பாதி நாள் வெளியூரில். "இனிமே உன்னையும் கொழந்தையையும் இந்த ஆத்துல தனியா விட்டுட்டு என்னால போக முடியாது," என்று அடையாறில், சுற்றுச்சுவரும் காவலும் உள்ள குடியிருப்பில் வீடு பார்த்தார். கால் வீக்கத்தால் தேவானை வராமலிருந்த வாரத்தில் வீடு மாறினார்கள். அவள் வந்தால் சொல்லும்படி, எதிர்வீட்டு ஜெயலக்ஷ்மியிடம் குடியிருப்பின் பேரைச் சொல்லிவிட்டு வந்தாள் ஹம்சா.

புது இடத்தில் மகள் ஷ்ரேயா இருட்டிய பிறகும் பயமில்லாமல் சைக்கிள் விட்டாள். கேஸ் அடுப்பு பார்க்க வந்ததாகச் சொன்ன ஒருவனை வாட்ச்மேன் ஷரஃபுதீன், யார் வீடு, எந்த நம்பர் என்று கேட்டு, அவனுக்குச் சொல்லத் தெரியாததால் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார். அவன் பக்கத்துத் தெருவில் திருடிப் பிடிபட்டான். ஹம்சா மறுபடி கழுத்தில் சங்கிலி போட்டுக்கொண்டாள். ஆனால் காலை வேளைகள் வெறிச்சென்று கிடந்தன. இவ்வளவு தூரம் தேவானை எங்கே வரப்போகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு நாள் அவள் ஆட்டோவுக்காகக் காத்திருந்தபோது ஷரஃபுதீன் பேச்சுவாக்கில் சொன்னார்.

"ஒரு கீரைக்காரம்மா ரெண்டு மூணு வாட்டி வந்துச்சும்மா. டீச்சரம்மா வூடு எதுன்னு கேட்டுச்சு. இங்க டீச்சருங்களே அஞ்சாறு பேர் கீறாங்க. பேர் இன்னான்னா தெர்லங்குது. நம்பரும் தெர்ல. எப்டி உள்ள வுடறது?"

"காலை நொண்டிண்டு வந்தாளா?"

"ஆமாம்மா. உங்களுக்கு வேண்டியவங்களா?"

அவளால் அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அந்தத் திருடனைத் தடுத்ததும் இதே கேள்விகள்தானே.

ஞாயிற்றுக்கிழமை தேடிப் போனாள். 'ஆத்தோரம்' என்று மட்டும் தேவானை எப்போதோ சொல்லியிருந்தாள். குடிசைகள் இருந்த கரை இடிபாடாகக் கிடந்தது.

"எல்லாரையும் ஊருக்கு வெளிய கொண்டும்போய் வுட்டாங்க," என்றார் டீக்கடைக்காரர். "எந்தத் தேவானை? அவ புருசன் பேரு இன்னா?"

ஹம்சாவுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் ஷரஃபுதீனிடம், "டீச்சரம்மான்னு கேட்டுண்டு அவ வந்தா நேரா மேலே அனுப்புங்கோ," என்றாள்.

"அசோசியேஷன்ல கேட்டா இன்னா சொல்றதும்மா?"

"என் அக்கான்னு சொல்லுங்கோ."

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

தேவானை வரவில்லை. அந்த வீட்டின் பால்கனியிலிருந்து கடல் தெரியும். வருகிறவர்கள் எல்லாம் அங்கேதான் போய் நிற்பார்கள். ஹம்சா மட்டும் காலையில் காபியை எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலுக்குப் போவாள். அங்கிருந்துதான் கேட் தெரியும்.