சங்கு குளிக்கும் வள்ளத்தில் ஒரு கிராமபோன்

போர் முடிந்த மறு வருஷம் பங்குனியில் நான் தூத்துக்குடிக்குப் போனது கடலைப் பார்க்க அல்ல, ஒரு குரலைக் கேட்க. நாடகமேடைப் பாடகர் அமிர்த தாஸின் குரலுக்குப் பித்துப் பிடித்தவர்கள் மதுரையில் எத்தனையோ பேர். அதில் முற்றிய கேஸ் நான். தாஸ் காலமான மறு வருஷம், தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் நண்பர் எழுதினார்: ‘சங்கு குளிக்கிற வள்ளத்தில் கயிறு பிடிக்கும் ஒருவர் தாஸின் விருத்தத்தைப் பாடுகிறார். கண்ணை மூடினால் தாஸேதான்.’ தாஸைப் போலப் பாடுகிறேன் என்று கிளம்பியவர்களைக் கேட்டுக் காது புண்ணானவன் நான். ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. லீவு கிடைக்கத்தான் எட்டு மாதம் ஆயிற்று.

மதுரையில் காலை ஏழே காலுக்கு ரயில். மணியாச்சியில் வண்டி மாற வேண்டும். அங்கிருந்து பதினெட்டு மைல். மதுரையிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு இரண்டு ரூபாய் ஓரணா. இரண்டு குரலையும் ஒப்பிட்டுக் கேட்க எடுத்துப்போன கிராமபோன் பெட்டியை வழி முழுவதும் மடியிலேயே வைத்திருந்தேன். “குழந்தைக்கு டிக்கெட் எடுத்தாச்சா?” என்று எதிரில் இருந்தவர் கேட்டார். சிரித்துவிட்டுப் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மணிக்குத் தூத்துக்குடி. நண்பர் வீட்டுக்குக் குதிரை வண்டி நாலணா. ஆறணா கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

தாஸைக் கேட்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. சில பாடகர்களின் குரல் உங்களை நோக்கி வரும். தாஸ் குரல் வராது. அது இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். மைக் இல்லாத காலத்தில் கடைசி பெஞ்சுக்காரனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்வான். அவருடைய விருத்தத்தில் முதல் அடியை ஒரு நிமிஷத்துக்கு மேல் இழுப்பார். பிறகு மூச்சு வாங்குவது பிளேட்டில் தெளிவாகக் கேட்கும். உடனே இரண்டாம் அடி. செத்துப்போன மனிதர் என் அறைக்குள் மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தால் இன்றும் எனக்கு முதுகு சில்லிடும். ஆனாலும் அந்த இடத்துக்காகவே மறுபடியும் மறுபடியும் போடுவேன்.

மறுநாள் சாயங்காலம் நண்பர் என்னைப் பெட்டியும் கையுமாகக் கடற்கரைத் தெருவுக்கு அழைத்துப் போனார். சங்கு குளிப்பவர் பெயர் சூசை. கயிறு பிடிப்பவர் அவருடைய மனைவியின் தம்பி மிக்கேல். தன் அக்காள் தாலி தன் கையில் இருக்கிறது என்பதால் மச்சான் கயிற்றை நழுவ விடமாட்டான். அதனால்தான் இங்கே மைத்துனனையே கயிற்றுக்கு வைக்கிறார்கள். நான் ஆசையோடு கும்பிட்டேன். மிக்கேல் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுத் தொண்டையைத் தொட்டுக் கையை விரித்தார்.

“தை மாசம் தொண்டையில நோவு வந்துது ஐயா. பேச்சே போயிட்டு,” என்றார் சூசை. “இப்ப குசுகுசுன்னுகூட வராது.”

இவ்வளவு தூரம் வந்ததற்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் ஏமாற்றத்தை மட்டும் நினைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சூசைக்கு அந்தப் பாட்டு ரசிக்கிற விஷயமே இல்லை. அவர் முங்கியதும் மிக்கேல் வள்ளத்தின் அடிப்பலகையில் குனிந்து பாடுவாராம். பலகை வழியாகத் தண்ணீருக்குள் கேட்குமாம். முதல் அடி முடியும்வரை சங்கு பொறுக்கலாம். இரண்டாம் அடி தொடங்கினால் சூசை கயிற்றைப் பிடித்து அசைக்க வேண்டும், மிக்கேல் தூக்கிவிடுவார்.

“கீழ சங்கக் கண்டா மூச்சு மறந்து போவும் ஐயா. இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு கை போயிட்டே இருக்கும். பாட்டு நின்னதுக்கப்புறம் ரெண்டு தடவ மயங்கிட்டேன்.” பிறகு என் பெட்டியைப் பார்த்தார். “அதுல அந்தப் பாட்டு இருக்கா?”

இருந்தது. நாளைக்கே வள்ளத்துக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

காலை ஆறு மணிக்குக் கரைக்காற்றில் பாய் விரித்தோம். ஆறு மைல், எட்டு மணிக்குக் கடலடியில் சங்கு கிடக்கும் பாரை. மற்ற வள்ளங்கள் தூரத்தில் புள்ளிகளாகத் தெரிந்தன. கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. பெட்டியை அடிப்பலகையில் வைத்துச் சாவி கொடுத்தேன். ஆழத்துக்கு இழுத்துப் போகும் கல்லில் காலை வைத்துச் சூசை இறங்கினார். ஆறு பாகம், அதாவது ஆறு ஆள் ஆழம். ஊசியை வைத்தேன். தாஸ் மூச்சு வாங்கி இரண்டாம் அடியைத் தொட்டதும் மிக்கேல் கையில் கயிறு அசைந்தது. தூக்கினார். சூசையின் பையில் நான்கு சங்கு. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இப்படி ஆறு முறை. ஒவ்வொரு முறையும் சாவி கொடுக்க வேண்டும். ஏழாவது முறை நான் கொடுக்கவில்லை. காரணம் கேட்டால் ஒன்றுதான்: கேட்டுக்கொண்டிருந்தேன். நடுக்கடலில் தாஸ் குரல் எனக்காக மட்டும் பாடுவது போல இருந்தது. முதல் அடி அந்த முறை வழக்கத்தைவிட நீளமாக, கனமாக வந்தது. ‘ஆகா’ என்றுகூடச் சொன்னேன். குரல் இன்னும் இறங்கியது. பிறகு அது தாஸ் குரலாகவே இல்லை. மனிதக் குரலாகவும் இல்லை. சாவி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

கைப்பிடியைப் பிடித்தேன், வியர்வையில் வழுக்கியது. முதல் அடியின் நடுவிலேயே தட்டு நின்றுவிட்டது. “தூக்குங்க, தூக்குங்க!” என்று கத்தினேன். மிக்கேல் வெறும் கயிற்றை ஆட்டிக் காட்டினார். சூசையின் இடுப்பில் எதுவும் கட்டவில்லை. அவராகப் பிடித்தால்தான் தூக்க முடியும்.

மிக்கேல் அடிப்பலகையில் குப்புற விழுந்தார். கயிறு ஒரு கையில். வாயைப் பலகையோடு வைத்துத் திறந்தார். கழுத்து நரம்புகள் புடைத்தன. அவர் பாடினார். ஒரு முழ தூரத்தில் இருந்த எனக்குக் காற்றுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பலகையில் கை வைத்தேன். அதிலும் ஒன்றும் இல்லை.

கயிறு அசைந்தது.

சூசை மேலே வந்தபோது மூக்கில் ரத்தம். வெகுநேரம் பலகையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். பேச முடிந்ததும் என்னைப் பார்க்கவில்லை.

“ஏலே மிக்கேலு, குரல் வந்துட்டா?”

மிக்கேல் இல்லை என்று தலையாட்டினார். கண்ணில் நீர் வழிந்தது.

“பொய் சொல்லாத. ரெண்டாம் அடி பாடினியே, கேட்டுத்தான வந்தேன்.”

“அவர் குரல் வரவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன்,” என்றேன். சூசை என்னை நிமிர்ந்து பார்த்தார். “பொட்டிய மூடிருங்க ஐயா,” என்றார், கோபமே இல்லாமல். நான் மூடினேன். அவரை மறுபடி இறங்க வேண்டாம் என்று கெஞ்சினேன். அரைமணி உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினார்.

மிக்கேல் குப்புறப் படுத்து வாயைத் திறந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம், பத்து விநாடி, கயிறு அசைந்தது. அடுத்த முறையும் அதே. அன்று மேலும் பதினோரு முறை இறங்கினார். பதினோரு முறையும் மிக்கேலின் வாயை மட்டும்தான் பார்த்தேன். முதல் அடி எங்கே முடிகிறது, எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. என் காதில் விழவில்லை, அவ்வளவுதான். கடல்காற்று எழுந்த பிறகு, இரண்டரை மணிக்குக் கரை சேர்ந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனி நல்லது, கடல் அடங்கியிருக்கும். வள்ளத்துக்கு மூன்று ரூபாய் கொடுத்தேன். வாங்க மறுத்தார்கள், வற்புறுத்தினேன். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், குடை அவசியம். கிராமபோன் வேண்டாம். தாஸை எனக்கு இன்னும் உயிராகத்தான் பிடிக்கும், ஆனால் அவர் யாருக்காகவும் பாடவில்லை என்று இப்போது தெரிகிறது. வள்ளத்தில் ஒருவர் பலகையில் குப்புறப் படுத்துச் சத்தமில்லாமல் வாயசைத்தால், ஒன்றும் கேட்கவில்லையே என்று சிரித்துவிடாதீர்கள். இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்ளுங்கள். அது உங்களுக்கான பாட்டு இல்லை. கேட்க வேண்டியவர் கீழே இருக்கிறார்.