புத்தகத்தில் செத்தவளுக்குத் துடக்கு

எனக்குக் கோபம் வந்தால் அதன் பின்னாலேயே ஒரு திட்டமும் வந்துவிடும். கோபத்துக்குப் பயப்படாத என் வீட்டுக்காரர் திட்டத்துக்குத்தான் பயப்படுவார். வாசிப்புப் பாடமும் அப்படியொரு கோபத்தில் பிறந்ததுதான்.

மானிப்பாயிலிருந்து பஸ்ஸில் போய், பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு ஒருநாள், 'நான் விரும்பி வாசித்த நூல்' என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். வகுப்பில் அத்தனை பேரும் ஒரே நூலைத்தான் விரும்பியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் அது 'வாழ்வின் ஒளிவிளக்காக' இருந்தது. விசாரித்தால், ரியூசன் வகுப்பில் சொல்லக் கேட்டு எழுதிய கட்டுரை. அந்த நூலைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. சொல்லிக் கொடுத்தவரும் கண்டிருப்பாரோ, தெரியாது. நான் கொப்பிகளை மேசையில் போட்ட போட்டில் பக்கத்து வகுப்பும் அடங்கிப்போனது.

அன்றைக்கே போய், பூட்டிக் கிடந்த நூலக அலுமாரியின் திறப்பைப் பிரதி அதிபரிடம் வாங்கினேன். பிள்ளைகள் எடுத்தால் புத்தகம் துலைந்துபோகும் என்பது அவர் பயம். எடுக்காமல் விட்டால் கறையான் எடுக்கும் என்றேன். புதன்கிழமைகளில் கடைசிப் பாடவேளை. விரும்பிய புத்தகத்தை எடுக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். முடித்த பிறகு சுருக்கம் எழுதக்கூடாது. படம் கீறலாம், பாட்டு எழுதலாம், கதையில் வருபவருக்குக் கடிதம் போடலாம். அந்தப் புத்தகம் உங்களை என்ன செய்யச் சொல்கிறதோ அதைச் செய்யுங்கள் என்றேன். இந்தக் கடைசி வசனத்தை நான் சற்றுப் பெருமையோடுதான் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் திருதிருவென்று முழித்தார்கள். எத்தனை சொல்லில் எழுதவேண்டும்? எத்தனை புள்ளி? பரீட்சைக்கு வருமா? வராது என்றதும் பாதிப்பேருக்கு முகம் விழுந்துவிட்டது. முதல் இரண்டு கிழமையும் வந்தவை எல்லாம் சுருக்கங்கள்தான். மேலே மட்டும் 'கடிதம்' என்று போட்டு, கீழே 'இங்ஙனம்' என்று முடித்திருந்தார்கள்.

வகுப்பில் ஒருத்தி இருந்தாள். அதிகம் கதைக்கமாட்டாள், ஆனால் பாடினால் பாடசாலையே நின்று கேட்கும். காலைப் பிரார்த்தனைக்குத் தேவாரம் அவள்தான். தகப்பன் தோட்டம் செய்கிறார், தாய் மருதனார்மடம் சந்தையில் மரக்கறி விற்கிறா. வீட்டில் வாசிக்க என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தபோது அவள் எழும்பிச் சொன்னாள்.

"கல்வெட்டு இருக்கு ரீச்சர். நிறைய."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். கல்வெட்டு என்றால் எங்கள் பக்கத்தில் கல்லில் வெட்டுவது மட்டுமல்ல. ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டுச் சடங்குக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகமும் கல்வெட்டுத்தான். செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் எல்லாம் அதில் இருக்கும். எறியவும் மனம் வராது, வாசிக்கவும் மாட்டோம். எல்லா வீட்டிலும் ஒரு அடுக்கு இருக்கும். அவள் வீட்டிலிருந்த அடுக்கை அவள் ஒன்றுவிடாமல் வாசித்திருந்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

அலுமாரியில் அவள் எடுத்தது ஒரு சின்ன நாவல். சொந்தபந்தம் இல்லாத ஒரு பெண் நகரத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். எல்லாருக்கும் சமைத்துப் போடுகிறாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் தனியாகச் செத்துப்போகிறாள். அடுத்த பக்கத்தில் அந்த வீட்டார் புதுச் சமையல்காரி தேடுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

மூன்றாம் புதன்கிழமை அவள் என் மேசையில் வைத்தது ஒரு கல்வெட்டு.

கொப்பித் தாளை மடித்துத் தைத்திருந்தாள். அட்டையில் குத்துவிளக்கு, மேலே 'சிவமயம்'. தோற்றம், மறைவு. மறைவுக்கு அவள் வாசித்து முடித்த நாளைப் போட்டிருந்தாள். பிறந்த ஊரைப் புத்தகம் சொல்லவில்லை, ஆகவே பண்டத்தரிப்பு என்று எழுதிவிட்டாள். அந்தப் பெண் எந்தெந்தக் கறியை யார் யாருக்காக எப்படிச் சமைத்தாள் என்று இரண்டு பக்க வரலாறு. பிறகு புலம்பல். புலம்புவதற்கு ஆள் வேண்டுமே. புத்தகத்தில் ஒருவரும் இல்லை. அதனால் 'பெறாமகள் புலம்பல்' என்று போட்டுத் தானே புலம்பியிருந்தாள். கடைசியில் நன்றி நவிலல்: புத்தகத்தை எழுதியவருக்கும், அலுமாரியைத் திறந்துவிட்ட ரீச்சருக்கும்.

இருபது வருடமாகக் கொப்பி திருத்துகிறேன். சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது அன்றைக்குத்தான். சிரிக்கத் தொடங்கினேன், நடுவில் அழுகை வந்துவிட்டது. இது நல்லதா, கூடாததா? சின்னப்பிள்ளை செய்கிற வேலையா இது? 'மிக நன்று' என்று எழுதலாமா, செத்தவீட்டில் யாராவது 'மிக நன்று' சொல்வார்களா? ஒன்றும் எழுதாமல் கொடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலைப் பிரார்த்தனையில் வேறொரு பிள்ளை பாடியது. அதற்கடுத்த நாளும் அப்படியே. நவராத்திரி வாணி விழாவுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. கல்வி வலயத்திலிருந்து அதிகாரிகள் வருவதாக இருந்தார்கள். இவளுடைய பாட்டைத்தான் அதிபர் முதலாவதாகப் போட்டிருந்தார். சமயபாட ஆசிரியை கூப்பிட்டு விசாரித்தபோது, "எங்களுக்குத் துடக்கு ரீச்சர்" என்றிருக்கிறாள்.

துடக்கு என்றால் பிறகு கேள்வி இல்லை. இரத்த உறவில் ஒருவர் செத்தால் முப்பத்தொரு நாள் கோயிலுக்குப் போகமாட்டோம், விளக்கேற்றமாட்டோம், சாமி பாட்டுப் பாடமாட்டோம். யார் செத்தது என்று கேட்க, "பெரியம்மா" என்றாளாம். பிள்ளையின் வீட்டில் செத்தவீடு, நாங்கள் எட்டிப்பார்க்கவில்லை என்றால் நன்றாக இருக்குமா? பாடசாலை விட்டதும் சமயபாட ஆசிரியை, கணக்கு ரீச்சர், நான் மூன்று பேரும் புறப்பட்டோம். எனக்கு ஒரு சந்தேகம் உள்ளுக்குள் அரித்தது. ஆனால் அப்படியும் இருக்குமா என்று நானே என்னை அடக்கிக்கொண்டேன்.

வாசலில் செத்தவீட்டுக்குக் கட்டும் வாழையும் இல்லை, வெள்ளைக்கொடியும் இல்லை. தாய் சந்தையால் வந்து, நல்லது சொத்தை பார்த்துக் கத்தரிக்காய் தெரிந்துகொண்டிருந்தா. மூன்று ஆசிரியைகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றால் எந்தத் தாய்க்குத்தான் நெஞ்சு பதறாது? மகளுக்கு என்ன என்று ஓடிவந்தா. நாங்கள் உங்கள் அக்காவுக்கு என்ன என்று கேட்டோம். தனக்கு அக்காவே இல்லை என்றா அவ. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த நேரத்தில்தான் பிள்ளை உள்ளேயிருந்து அந்த நாவலைக் கையில் கொண்டு வந்து நின்றாள். நான் அந்தக் கத்தரிக்காய்க் கூடைக்குள் தலையை விட்டிருக்கலாம்.

அவள் கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. பெறாமகள் என்று எழுதினாள். பெறாமகள் என்றால் சகோதரியின் மகள், அப்போது செத்தவ அம்மாவுக்குச் சகோதரி. சகோதரி என்றால் துடக்கு. முறையாகத்தான் யோசித்திருக்கிறாள். தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை, கணக்கு ரீச்சருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, சமயபாட ஆசிரியைக்கு என்மேல் கோபம். புறப்படும்போது இன்னொரு சிக்கல். செத்தவீட்டில் 'போயிட்டு வாறம்' என்று சொல்லக்கூடாது. இது செத்தவீடா இல்லையா? சொல்லவும் முடியாமல் சொல்லாமலும் முடியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தோம்.

மறுநாள் அதிபர் கூப்பிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் அவருக்குச் சோறு இறங்காது. நீங்கள்தான் தொடங்கினீர்கள், நீங்களே முடித்துவையுங்கள், பிள்ளை பாடாவிட்டால் இந்த வாசிப்பு விளையாட்டு எல்லாம் வேண்டாம் என்றார். ஓம் என்று தலையாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று முழுக்க எனக்குள் ஒரே குழப்பம். புத்தகம் என்ன செய்யச் சொல்கிறதோ அதைச் செய் என்று சொன்னது நான். அவள் செய்துவிட்டாள். மற்றப் பிள்ளைகள் செத்தவளைப் பற்றிப் பத்து வசனம் எழுதியிருப்பார்கள். இவள் ஒருத்திதான் அவளுக்காகத் தனக்குப் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுத்தாள். இது வாசிப்பின் உச்சமா, இல்லை பிள்ளைக்கு ஏதும் மனக்கோளாறா? முப்பத்தொரு நாளும் அவளை அப்படியே விட்டுப் பார்ப்போமா? விட்டால் அலுமாரி பூட்டப்படும், மற்றப் பிள்ளைகளுக்கும் புத்தகம் இல்லை. பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போய், இறங்கவேண்டிய இடத்தையும் தவறவிட்டேன்.

கடைசியில் நான் செய்தது கோழைத்தனம். இடைவேளையில் அவளை அலுமாரிக்குப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அது கதைதானே பிள்ளை. அப்பிடி ஒரு ஆள் உலகத்திலை இல்லை. இல்லாத ஆளுக்குத் துடக்கும் இல்லை."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, ஓம் ரீச்சர், பாடுறன் என்றாள்.

பாடினாள். மண்டபமே உருகியது. அதிகாரிகள் பாராட்டினார்கள், அதிபர் எனக்கு ஒரு பங்கு கூடுதலாகப் பிரசாதக் கடலை தந்தார். அடுத்த புதன்கிழமை அவள் புதுப் புத்தகம் ஒன்றுக்குச் சுருக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். பத்து வசனம். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ரியூசன் ஆசிரியர் கண்டால் கண்ணாடி போட்டு மாட்டிவைத்திருப்பார். சுருக்கம் எழுதக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? அதற்கடுத்த புதன்கிழமை அவள் அலுமாரிப் பக்கமே வரவில்லை. தலைவலி என்றாள். அதற்கடுத்த புதன்கிழமையும் அதே தலைவலி. ஒரு பிள்ளையை வாசிக்கவைக்கப் புறப்பட்டு, ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்த ஒரே பிள்ளையை நிறுத்திவிட்டேனே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அந்த நாவல் மட்டும் திரும்பி வரவில்லை. பிரதி அதிபர் இரண்டு தரம் நினைவுபடுத்திவிட்டார். ஒருநாள் காலையில் சந்தைக்குப் போகிற வழியில் தாய் அதைப் பாடசாலை வாசலுக்குக் கொண்டுவந்து என்னிடம் தந்தா. மன்னிப்புக் கேட்பதற்கு நான் வாயைத் திறந்தேன். அவ அதைக் காதில் வாங்கவில்லை. தன் குடும்பத்துக்குத் துடக்கு வைத்தவள் யார் என்று பார்க்கத்தான் முதலில் எடுத்தாவாம். சந்தையில் ஆள் குறைந்த நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தாவாம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு தான் வாசித்த முதல் புத்தகம் இதுதான் என்றா. பிறகு சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே கேட்டா.

"அப்பிடி ஒரு ஆள் இல்லையெண்டு நீங்கள் சொன்னனீங்களாம் ரீச்சர். அப்ப நான் ஆருக்கு அழுதனான்?"

சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டா. பஸ் வர ஓடிப்போய் ஏறிவிட்டா.

அன்று முதலாம் பாடவேளைக்கு முன்பே பிள்ளையைத் தேடிப் போனேன். தண்ணீர்க் குழாயடியில் போத்தல் நிரப்பிக்கொண்டு நின்றாள். சுற்றி வளைக்காமல், அன்றைக்கு நான் சொன்னது பிழை என்றேன். அந்த மனிசி இருந்தவ, எப்படி இருந்தவ என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் இருந்தவ என்றேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

அவள் குழாயைப் பூட்டினாள்.

"எனக்குத் தெரியும் ரீச்சர். நீங்கள் அதிபருக்குப் பயந்து சொன்னனீங்கள்."

தெரிந்துகொண்டா பாடினாய், துடக்கோடையா பாடினாய் என்று கேட்டேன். போத்தல் மூடியைத் திருகியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"உங்களைப் பார்க்கப் பாவமாய் இருந்தது."