பந்தயச் சக்கரமும் வலை நூலும்

என் தாய்மாமாவின் கல்யாணத்தை முடித்து வைத்தவன் நான்தான் என்று வெகுகாலம் ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. என் தகுதியெல்லாம் அப்பாவின் வலை ஊசியும் கொஞ்சம் நூலும்தான்.

உலகச் சண்டை முடிந்திருந்த சமயம். கடலோரத் திரேஸ்புரத்தில் எங்கள் பக்கம் இரண்டே சைக்கிள்கள். ஒன்று மாமாவுடையது, மற்றது அடுத்த தெருவில் தோணிப்பாய் தைக்கிறவரின் மகனுடையது. மாமாவின் சக்கரங்களில் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் பின்னிப் போகும். அந்த அண்ணனோ கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கிய முன்சக்கரத்தை மாட்டியிருந்தார். அதில் கம்பிகள் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும், ஒன்றையொன்று தொடாது.

இதை வைத்துத் தெருப்பிள்ளைகள் இரண்டு கட்சியானோம். உப்பு வண்டிச் சக்கரத்தில் நேர்க்கட்டைதானே அத்தனை மூட்டையைச் சுமக்கிறது என்றது நேர்க்கட்சி. குறுக்கே நூல் போகாத வலையில் மீன் நிற்குமா என்று நான் கேட்டேன். சைக்கிளில் மீன் எதற்கு நிற்க வேண்டும் என்று யாரும் கேட்காததால் ஜெயித்துவிட்டேன்.

மாமாவின் சைக்கிளுக்கு ஒரே குறை, அடிக்கடி செயின் கழலும். அதுவும் பாய் தைக்கிறவர் வீட்டு வாசலில் மட்டும். அந்த அண்ணனின் தங்கை வெளியே நின்றால், மாட்டி முடிக்க ரொம்ப நேரம் பிடிக்கும்.

கோயில் திருவிழாவுக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். பரிசு ஓர் ஆட்டுக்கிடா. மாமா அந்த அண்ணனிடம் தோற்றால் என் கட்சிக்கு மானம் போய்விடும். அன்று மத்தியானம் சக்கரத்தை உற்றுப் பார்த்தேன்; பகீரென்றது. கம்பிகள் குறுக்கிடுகிற இடத்தில் ஒரு முடிச்சுகூட இல்லை. முடிச்சில்லாத வலையை எங்கள் வீட்டில் யாரும் கடலில் இறக்க மாட்டார்கள். ஊசியை எடுத்து, இரண்டு சக்கரத்திலும் இண்டு இடுக்கு விடாமல் வலை முடிச்சுப் போட்டேன். கண்ணாடியை விட்டு நகராத மாமா இதைக் கவனிக்கவில்லை.

பந்தயத்தில் மாமா பறந்தார். கடைசிக் கயிற்றுக்கு இன்னும் இருபது முழம். கூட்டத்தில் அந்தத் தங்கை நின்றிருந்தாள். மாமா அவளைப் பார்த்தார்; பின்னால் நாக்குத் தள்ள மிதித்து வந்த அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்; காலை ஊன்றி இறங்கிவிட்டார். அண்ணன் தாண்டிப்போய்க் கயிற்றை அறுத்தார்.

நான் அழுதுகொண்டே ஓடினேன்.

“சக்கரம் கோட்டம் விழுந்துட்டுலே, அங்கனயும் இங்கனயும் ஆடுது,” என்றார் மாமா, வாயெல்லாம் பல்லாக. பாவம், துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டில் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தால், ஆடாமல் அசையாமல் சுற்றியது. திருவிழாப் புண்ணியத்தில் தானாகவே குணமாகிவிட்டது என்று முடிவு செய்தேன்.

மறுவாரமே அந்த அண்ணன் மாமாவின் தோளில் கைபோட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் மாதம் கல்யாணம். விருந்தில் வெந்தது அந்தக் கிடாதான். என்னால் அதை நிம்மதியாகத் தின்ன முடியவில்லை. புது அத்தையிடம் போய், நான் நூல் கட்டியதால்தான் சக்கரம் ஆடி மாமா தோற்றார், இல்லாவிட்டால் உங்கள் அண்ணன் கதி அதோகதி என்று ஒப்புக்கொண்டேன்.

அத்தை மாமாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். “அப்படியாலே? அப்ப எங்க கல்யாணமே உன் நூலாலதான் நடந்திருக்கு,” என்று என் இலையில் இன்னொரு எலும்பை வைத்தாள். மாமாவுக்குப் புரையேறியது.

நான் அதை அப்படியே நம்பினேன். நன்றாக ஓடுகிற சக்கரத்திலிருந்து ஒரு மனுஷன் எதற்காக இறங்குவான் என்பது, என் சைக்கிளிலும் செயின் கழல ஆரம்பித்த வயதில்தான் தெரிந்தது.