இடது பக்கத்துக் குயிரா

எங்கள் தெருவில் பாட்டு யாருடைய தனிச்சொத்தும் இல்லை. எதிர் மளிகைக்கடை ரதாமேஸ் காலை எட்டு மணிக்கு ஆளுயர ஸ்பீக்கரை வாசலுக்கு உருட்டிவிட்டால், பிடித்தவன் பிடிக்காதவன் எல்லாருக்கும் ஒரே பச்சாத்தாப் பாட்டுத்தான். காதை மூடிக்கொண்டு தனியாகப் பாட்டுக் கேட்பவனை எங்கள் சந்தியாகோ ஊரில் நோயாளி என்பார்கள், இல்லையென்றால் கஞ்சன் என்பார்கள். லெயோகாடியோவை இரண்டும் சொன்னார்கள். நான் சொன்னது அதைவிட மோசம். அதை இங்கே எழுத மாட்டேன்.

அவர் என் பக்கத்து வீடு. என் மூத்த மகனுக்கு ஞானத்தகப்பன், அதனால் எனக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு நான் கொமாத்ரே. நான் முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறேன். என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் என் கடையில் தலையைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்வார்கள். உண்மைதான்.

லெயோகாடியோவின் பிழைப்பு பாட்டைக் கலந்து கொடுப்பது. கிதார், போங்கோ, குரல், தகரத்தைச் சுரண்டி வாசிக்கிற குயிரா எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிந்து குழுக்கள் கொண்டுவரும். எது முன்னால் வரணும், எது ஒதுங்கி நிற்கணும், எது எந்தக் காதில் விழணும் என்று அளந்து ஒரே பாட்டாக்கித் தருவார். குயிராவை எப்போதும் இடது பக்கம்தான் வைப்பார். அவருக்கு நிலம் இல்லை, பெரிய படிப்பு இல்லை. முப்பது வருஷம் திருவிழா மேடைகளில் ஸ்பீக்கர் கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்று பழகிய காது மட்டும் இருந்தது. அதை வைத்துத்தான் மகளைப் படிக்கவைத்து நியூயார்க்குக்கு அனுப்பினார்.

அந்த மகள் யோகாஸ்தாதான், ரதாமேஸின் இரைச்சலில் அப்பா எப்படி வேலை செய்வார் என்று, துணிமணி ஷாம்பூவோடு ஒரு ஹெட்போனையும் இரண்டு குட்டிப் பெட்டிகளையும் அனுப்பிவைத்தாள். மேஜையில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கீழ இருக்கிறது கம்ப்யூட்டர்ல இருக்கிற எண்களையெல்லாம் சத்தமா மாத்தும், கொமாத்ரே. மேல இருக்கிறது அந்தச் சத்தத்துக்குச் சோறு போட்டுத் தேத்தும்."

"அப்போ ரதாமேஸ் ஸ்பீக்கர் மட்டும் என்ன, பட்டினியா கிடக்கு?"

"உனக்கு எல்லாம் கேலிதான்."

முதல் ஒரு மணி நேரம் சத்தமே வரவில்லை. கம்ப்யூட்டர் பாட்டைப் பழைய ஸ்பீக்கருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அதை மாற்றியதும் உறுமல் வந்தது. மாடு வயிற்றுவலியில் முனகுகிற மாதிரி என்றார். எங்கள் ஊர்ச் சுவரில் ஓட்டை இரண்டுதான், அதனால் மூன்று கால் பிளக் எது வந்தாலும் முதல் வேலையாக மூன்றாவது காலை உடைத்துவிடுவோம். எல்லாரையும் போல அவரும் உடைத்திருந்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு புது பிளக் வாங்கி, கொல்லையில் செம்புக் கம்பி அடித்து, அங்கிருந்து தனியாக எர்த் இழுத்தார். உறுமல் நின்றது. ஆனால் மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஓடினால் திரும்ப வரும். "லைட்டு வந்துருச்சு!" என்று தெருவே கத்துகிற நேரம் பார்த்து அவர் வேலைக்கு உட்கார்ந்தார். இதெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளித்த கோளாறுகள்.

சிரிப்பு நின்றது இடது பக்கத்தால். இரண்டு மாதம் போனதும் இடது காதில் சத்தம் மெலிந்துவிட்டது என்றார். சத்தக் குமிழைத் திறந்து மருந்து அடித்துத் துடைத்தார். சரியாகிவிட்டது என்று சொல்லி நாலு பாட்டு கலந்து கொடுத்தார். மறுபடி மெலிந்தது. யோகாஸ்தா இன்னொரு பெட்டி அனுப்பினாள். ஒரு வாரம் நன்றாக இருந்தது என்றார், அப்புறம் அதே கதை. ஒவ்வொரு தடவையும் நடுவில் பாட்டுகள் போய்க்கொண்டே இருந்தன. இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

பிறகு முறையாக இறங்கினார். இரண்டு பெட்டிக்கும் நடுவில் இருக்கும் வயர்களை இடம் மாற்றிச் செருகி, வேறு யாரோ கலந்த பழைய பாட்டு ஒன்றை ஓட்டினார். கோளாறு கீழ்ப்பெட்டியில் இருந்தால் மெலிவு வலது பக்கத்துக்குத் தாவணும். தாவவில்லை. ஹெட்போன் வயரை மாற்றினார். இடது பக்கம் அப்படியே இருந்தது. கம்ப்யூட்டரையே மாற்றிப் பார்த்தார்.

பாக்கி இருந்தது ஒன்றுதான். ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொள்வது. அரை நிமிஷ வேலை. அதை மட்டும் அவர் செய்யவில்லை. வேறு யாரையும் அதைத் தலையில் வைக்க விடவும் இல்லை, பிஷப் கிரீடம் மாதிரி துணி போட்டு மூடிவைத்தார். தெரு முழுக்கக் கஞ்சத்தனம் என்று சிரித்தது. எனக்கு மட்டும் மெல்ல மெல்லப் புரிந்தது. ஒருநாள் முடி வெட்டும்போது அவரே வாய்விட்டுச் சொன்னார்.

"மெஷின்ல கோளாறுன்னா மருந்து இருக்கு, கொமாத்ரே."

நான் அந்த இடது காதைச் சுற்றி முடியைக் கத்தரித்தேன். அந்தக் காது போய்விட்டால் லெயோகாடியோ யார் என்று எனக்கும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வில்கின் வந்தான். பாடகன், இருபத்தாறு வயது, முதல் தொகுப்பு, எட்டுப் பாட்டு. ஊர்த் திருவிழாவில் வெளியிட மேயர் ஆல்கால்தேவைக்கூடக் கூப்பிட்டாகிவிட்டது. மூன்று வாரத்தில் வேண்டும் என்றான். பத்து நாள் போயிற்று. ஒரு பாட்டுத்தான் முடிந்திருந்தது. தினமும் போன் செய்கிறான், இவர் தினமும் திருகாணியைக் கழற்றுகிறார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாழைக்காயை வேகவைத்து மசித்த மங்கும் பொரித்த பாலாடைக்கட்டியும் தட்டில் போட்டுக்கொண்டு போனேன். மேல்பெட்டி குடல் சரிந்து மேஜையில் கிடந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"இந்தக் குமிழ்தான், கொமாத்ரே. இதைப் புதுசா போட்டா—"

"நாலு குமிழ் போட்டாச்சு. அந்த ஹெட்போனைக் கொடுங்க இப்படி."

"வேண்டாம். உன் தலையில எண்ணெய்."

"என் தலையில எண்ணெயா? ஊருக்கே தலை கழுவிவிடுறவ நான்! கொடுங்கன்னா!"

பிடுங்கிவிட்டேன். பழைய பெட்டியை அவரே வேண்டாவெறுப்பாக மாட்டி, வில்கினின் அந்த ஒரு பாட்டை ஓட்டினார். நான் ஹெட்போனைக் காதில் வைத்தேன். வைத்த வேகத்தில் தூக்கினேன்.

"அடக் கடவுளே! இடது பக்கம் சத்தம் இல்லைன்னு எவன் சொன்னான்? குயிரா காதைப் பிச்சு எடுக்குது, மனுஷா!"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். என் நாக்கை அறுத்துப் போடலாம் என்று இருந்தது.

"இடதுன்னு எழுதியிருக்கிற பக்கம் எந்தக் காதுல இருக்கு?" என்றார் மெதுவாக.

"இடது காதுலதான்."

ஹெட்போனை வாங்கினார். திருப்பினார். மாட்டிக்கொண்டார். இத்தனை நாளும் தான் கூட்டிக் கூட்டி வைத்த குயிரா வலது காதில் விழுந்ததும் அடி வாங்கியவர் மாதிரி தோள் குலுங்கியது. பாட்டு முடியும்வரை கழற்றவில்லை. மங்கு ஆறிப்போய்த் தட்டில் ஏடு கட்டியது.

"என் பாட்டெல்லாம் எப்போலேருந்து இப்படி?"

"போன ஈஸ்டருக்கு அப்புறம்."

"ரதாமேஸ் கடையிலயும் இப்படித்தான் கேட்டுதா?"

"ஆமா. உங்க பாட்டு வந்தா டோமினோ ஆடுறவங்க பல்லைக் கடிப்பாங்க."

"ஒரு வருஷமா தெருவே கேட்டிருக்கு. ஒருத்தருக்கும் சொல்லத் தோணலையா?"

"உங்ககிட்ட யாரு சொல்றது? நீங்க மாஸ்டர். அதுதான் உங்க பாணின்னு நெனச்சோம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. எவள் முடி எப்படி இருந்தாலும் முகத்துக்கு நேராகச் சொல்லுகிறவள், இதை மட்டும் விழுங்கிவிட்டேன். மரியாதை என்று நினைத்திருக்கிறேன். அவரைத் தனியாக விட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நரம்பு போய்விட்டது, திரும்பாது என்றார் டாக்டர். வலது காது பரவாயில்லை, அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் லெயோகாடியோ வில்கினைப் போனில் கூப்பிட்டு, ஒரு மூச்சில் சொன்னார்.

"தம்பி, என் இடது காது செத்துப்போச்சு. உன் பாட்டை வேற யார்கிட்டயாவது கொடு."

அந்தப் பயல் நேரிலேயே வந்துவிட்டான். எனக்கு அழுகையும் வந்தது, அவனை அறையலாம் போலவும் இருந்தது, ஏனென்றால் அவன் சொன்னது இது:

"மாஸ்டர், எங்க வயசுப் பசங்களுக்கு அந்தக் குயிராதான் பிடிச்சிருக்கு. மத்தவங்களும் அதே மாதிரி வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. நீங்க அப்படியே போடுங்க, ஒருத்தனுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்டா," என்றார் லெயோகாடியோ. "நாக்கு செத்தவன் போட்ட உப்பு அது. அதையா சமையல்னு விக்கச் சொல்ற?"

"அப்போ சரியான உப்பு போடுங்க. வேற எவன்கிட்டயும் நான் போக மாட்டேன்."

அன்றைக்கு ஆரம்பித்தார். ஒரு தடவை ஹெட்போனை நேராக மாட்டி வலது பக்கத்தைக் கேட்பார். கழற்றித் திருப்பி மாட்டி அதே வலது காதால் இடது பக்கத்தைக் கேட்பார். பிறகு இரண்டையும் மனசுக்குள் சேர்த்துப் பார்ப்பார். ஒரு குமிழை மயிரிழை நகர்த்த நாலு தடவை திருப்பணும். பாட்டுக்கு ஒரு நாள் ஆனது. சந்தேகம் வந்தால் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிடுவார், கையில் சாயத்தோடு ஓடுவேன். "பொய் சொன்னா உன் வீட்டு ஞானஸ்நானத்துக்கு இனிமே வர மாட்டேன்," என்று ஒவ்வொரு தடவையும் மிரட்டுவார். நான் பொய் சொல்லவில்லை.

எட்டாவது பாட்டு முடிந்த அன்று மின்சாரம் இருந்தது, உறுமல் இல்லை. வில்கின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தச் சின்ன அறையிலேயே ஆடினான். அடுத்து நான் கேட்டேன். கிதார் கிதாராக இருந்தது, குரல் நடுவில் நின்றது, குயிரா இடது பக்கம் மழைத்தூறல் மாதிரி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்படி இருக்கு?"

"எல்லாம் அதது இடத்துல இருக்கு, கொம்பாத்ரே. சத்தியமா."

கடைசியில் அவர் வாங்கி நேராக மாட்டிக்கொண்டார், திருப்பவில்லை. கண்ணை மூடி முதல் பாட்டை முழுசாகக் கேட்டார். பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எனக்குக் குயிரா கேக்கவே இல்ல," என்றார். "அப்போ சரியாத்தான் இருக்கு. அனுப்பிடு, தம்பி."