அப்பா மேலே வந்துவிட்டார்

அப்பா தனியாக வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலை அவருக்குக் கண் ஆபரேஷன். இடது கண்ணில் ஏற்கெனவே பார்வை இல்லை, வலது கண்ணில் புரை. "நானும் வரேன்" என்ற அம்மாவை, "முட்டி வலிய வெச்சிகினு நீ எங்க வர?" என்று வடக்குத்து கிராமத்து வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, என்னைத் தவிர. சென்னையில் தம்பி அவரைப் பறக்கும் ரயிலில் ஏற்றிவிட்டான். எங்கள் ஸ்டேஷனில் இறங்குபவரைக் கூட்டிவருவது என் பொறுப்பு.

சிக்னலில் மாட்டிப் பத்து நிமிடம் தாமதம். ஸ்டேஷனின் பின்வாசலில் வண்டியை நிறுத்தும்போது போன் வந்தது.

"எறங்கிட்டேம்மா. மேல வந்து நின்னுகினு இருக்கேன். அவசரப்படாம வா."

"அங்கயே நில்லுங்கப்பா, நகராதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் கட். திரும்ப அடித்தால் சுவிட்ச் ஆஃப். சார்ஜ் போடாமல் கிளம்பியிருப்பார், வேறென்ன!

மூன்று மாடி உயரத்தில் இருக்கிறது பிளாட்பாரம். மூச்சிரைக்க ஏறினேன். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், ஒரு நாய். அப்பா இல்லை. எதிர்ப் பிளாட்பாரத்துக்கு ஓடினேன். அங்கேயும் இல்லை. விளிம்பு எது, தண்டவாளம் எது என்றே தெரியாத மனுஷன்! பார்க்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே தண்டவாளத்தை எட்டிப் பார்த்தேன்.

அப்போது அம்மாவின் போன். எடுக்கவே பயமாக இருந்தது.

"அப்பா மேல வந்துட்டாராடி?"

நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்தவர் அப்பா. குவார்ட்டர்ஸில் இருந்த காலம் முழுக்க, ஷிஃப்ட் முடிந்து அவர் வர நேரமானால் அம்மா அக்கம்பக்கத்தில் கேட்கும் கேள்வி இது. கீழே என்றால் சுரங்கம். மேலே என்றால் தரை, ரோடு, டீக்கடை. இங்கே வந்து மாடிப்படி ஏறி ஏறி நான்தான் அதை மறந்து தொலைத்திருக்கிறேன்.

"லைன்லயே இரும்மா" என்று இறங்கி ஓடினேன். முன்வாசலில், தூண் ஓரத்து டீக்கடை பெஞ்சில், மடியில் மஞ்சள் பையோடு அப்பா டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"உயிரே போயிடுச்சுப்பா எனக்கு! மேல இருக்கேன்னு சொல்லிட்டு இங்க உக்காந்து டீ குடிக்கிறீங்களே!"

என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "கூட எறங்குன அம்மா ஒருத்தங்க கையப் புடிச்சி கொண்டாந்து வுட்டாங்க. மேலதாம்மா இருக்கேன்" என்று செருப்புக் காலால் ரோட்டைத் தட்டிக் காட்டினார்.

திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். அழுகைதான் வந்தது. அப்பாடா என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தேன். அம்மா லைனிலேயே இருந்தார்.

"வந்துட்டாரும்மா. மேல வந்துட்டாரு."